தலைமைக் குருவின் அங்கியும் தொலைந்துபோன நீலமும்

ஒரு நிறம் தொலைந்துபோக முடியுமா? பேனா தொலையலாம், குடை தொலையலாம். நீலம் எப்படித் தொலையும் என்று நீங்கள் கேட்கலாம். வானமும் கடலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆயினும் கி.பி. ஏழாம் நூற்றாண்டளவில் யூத மக்களிடமிருந்து ஒரு நீலம் உண்மையாகவே தொலைந்துபோயிற்று. அந்தச் சாயத்தின் பெயர் நூல்களில் இருந்தது. அதை எந்த ஆடைக்கு இட வேண்டும் என்ற விதியும் இருந்தது. அதை உண்டாக்கும் வழி மட்டும் மறந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, நீல நூல் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் வெள்ளை நூலையே கட்டி வந்தார்கள்.

அந்த நீலத்துக்கு எபிரேய மொழியில் தெகேலெத் என்று பெயர். அது பண்டை இஸ்ரவேலரின் தலைமைக் குரு, அதாவது பிரதான ஆசாரியர், அணிந்த அங்கியின் நிறம். குருவின் உடையைப் பற்றிப் பேசப் பௌதிக ஆசிரியனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களானால், அந்த நிறத்தை மீட்டுத் தந்தது சூரிய ஒளி என்பதே என் பதில். ஆனால் நிறத்துக்குப் போகுமுன் உடையைப் பார்த்துவிடுவோம். உடையின் பொருள் விளங்கினால்தான், ஒரு நூலின் நிறத்துக்காக மனிதர்கள் இத்தனை பாடுபட்டது ஏன் என்பது விளங்கும்.

எட்டு ஆடைகள்

பைபிளின் யாத்திராகமம் என்னும் நூலில் இந்த உடைகளின் விவரம் இரண்டு இடங்களில் வருகிறது. ஒரு தையற்காரரிடம் அளவு கொடுப்பதைப் போல அத்தனை நுணுக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மோசேயின் அண்ணன் ஆரோன் முதல் தலைமைக் குரு; பாலைவனத்தில் அமைத்த ஆசரிப்புக் கூடாரமே அவர் பணி செய்த இடம். இவ்விவரம் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளை ஒட்டியே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கூடாரத்துக்குப் பின் எருசலேமில் ஆலயம் எழுந்தது. அது கி.மு. 586-ஐ ஒட்டி இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டு, கி.பி. 70-இல் ரோமானியரால் முற்றிலும் அழிக்கப்பட்டது. குருவின் பணியும் உடையும் அத்தோடு முடிந்தன.

சாதாரணக் குருவுக்கு நான்கு ஆடைகள்: சட்டை, சல்லடம், இடைக்கச்சை, தலைப்பாகை. இவை பெரும்பாலும் வெள்ளைத் துணி. தலைமைக் குரு அவற்றின்மேல் இன்னும் நான்கு அணிவார். முதலில் முழுவதும் நீலமான அங்கி. அதன்மேல் ஏபோத்து எனப்படும் மேலாடை. தோள்பட்டைகளோடு கூடிய ஓர் ஏப்ரனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன்மேல் ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள மார்ப்பதக்கம். தலைப்பாகையின் முன்புறம் நீலக் கயிற்றால் கட்டிய பொற்பட்டம். இவர் கடவுளுக்கென்றே ஒதுக்கப்பட்டவர் என்று பொருள்படும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். காலணி பற்றி ஒரு சொல்லும் இல்லை. குருக்கள் வெறுங்காலோடுதான் பணி செய்தார்கள் என்பது மரபு.

நீல அங்கியின் கழுத்துத் துளை கிழிந்துவிடாமலிருக்க அதைச் சுற்றிக் கரை நெய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு உண்டு. துணியில் ஒரு துளை இருந்தால் இழுவிசை அதன் விளிம்பில்தான் குவியும். கிழிசல் அங்கேதான் தொடங்கும். நெசவாளர்கள் இதை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் அறிந்திருந்தார்கள்.

கூடாரமும் துணியும்

இனி உடையின் பொருளுக்கு வருவோம். இந்த உடையில் சேரும் பொருள்கள் ஐந்து: பொன், நீல நூல், ஊதா நூல், சிவப்பு நூல், மெல்லிய வெள்ளை நூல். கூடாரத்தின் உட்புறத் திரைகளும் இதே நீலம், ஊதா, சிவப்பு, வெள்ளை நூல்களால் நெய்தவை. உள்ளே போகப் போகப் பொருள்களின் மதிப்பு ஏறுகிறது. வெளி முற்றத்தில் பலிபீடம் வெண்கலம். உள்ளே பலகைகளின் பாதங்கள் வெள்ளி. பலகைகளின்மேல் பொன் தகடு. வெப்பமான முனையிலிருந்து குளிர்ந்த முனைவரை ஓர் உலோகக் கம்பியில் வெப்பநிலை படிப்படியாக மாறுவதைப் போல, இங்கே தூய்மை படிப்படியாக மாறுகிறது. துணியும் உலோகமும் அதை அளந்து காட்டும் அளவுகோல்கள். மெனாஹெம் ஹாரன் என்னும் அறிஞர் 1978-இல் வெளியிட்ட நூலில் இந்தப் படிநிலையை விரிவாக எடுத்துக் காட்டினார்.

ஆகவே தலைமைக் குருவின் உடையை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது சரியல்ல. அவர் கூடாரத்தின் துணியையே உடுத்தியிருந்தார். வழிபாட்டு இடத்தின் ஒரு பகுதி எழுந்து நடமாடியது என்று சொன்னாலும் தகும்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கம்பளி நூலையும் ஆளி நாரையும் கலந்து நெய்த துணியைச் சாதாரண மக்கள் உடுத்தக் கூடாது என்பது இஸ்ரவேலரின் சட்டம். குருவின் உடையிலோ அந்தக் கலப்பே விதி. வெள்ளை நூல் ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுத்த நார். நாம் ஆளி விதை என்று கடையில் வாங்குகிறோமே, அதே செடி. (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது சில இடங்களில் பஞ்சுநூல் என்றும் சில இடங்களில் சணல்நூல் என்றும் வருகிறது. இரண்டும் வேறு செடிகள். படிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) வண்ண நூல்கள் கம்பளி. பழங்காலச் சாயக்காரர்களுக்கு ஆளி நாரைவிடக் கம்பளியே எளிதில் வசப்பட்டது. கம்பளி ஒரு புரதம். சாய மூலக்கூறுகள் பற்றிக்கொள்ளத் தக்க பிடிகள் அதில் நிறைய உண்டு. ஆளி நாரோ செல்லுலோஸ். அதில் அத்தகைய பிடிகள் குறைவு. எனவே வண்ணமும் வெண்மையும் சேர்ந்தால் அங்கே கம்பளியும் நாரும் சேர்ந்தே தீரும். அந்தச் சேர்க்கை ஆலயத்துக்கு மட்டும் உரியதாயிற்று.

மற்ற மக்களுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. ஒவ்வொருவரும் தம் மேலாடையின் ஓரங்களில் குஞ்சம் கட்ட வேண்டும், அந்தக் குஞ்சத்தில் ஒரு நீல நூல் இருக்க வேண்டும் என்று எண்ணாகமம் கூறுகிறது. அதுவும் தெகேலெத்தான். தலைமைக் குருவுக்கு அங்கி முழுவதும் நீலம். ஏழை உழவனுக்கு ஒரே ஒரு நூல். ஒவ்வொருவரும் குருவின் உடையில் ஒரு துளியை அணிந்திருந்தார்கள் என்று ஜேக்கப் மில்க்ரோம் என்னும் அறிஞர் விளக்கியிருக்கிறார். குருக்கள் மறைந்தபின்னும் அந்தச் சாயத்தை யூதர்கள் மறக்க முடியாமல் போனதற்குக் காரணம் இந்த ஒற்றை நூல்தான்.

பொன், கல், மணி

ஏபோத்தில் பொன்னும் நெய்யப்பட்டது. பொன்னைத் தகடாக அடித்து, அதை மெல்லிய இழைகளாக வெட்டினார்கள் என்று நூல் கூறுகிறது. பொன்னைப் போல நீண்டு பரவும் உலோகம் வேறில்லை. ஒரு கிராம் பொன்னை 0.1 மைக்ரான் தடிமனுக்கு அடித்தால் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் வரும். பொன்னின் அடர்த்தி 19.3 என்று கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். துணியோடு நெய்வதற்கு அவ்வளவு மெலிதான தகடு உதவாது. சற்றுத் தடித்ததையே பயன்படுத்தியிருப்பார்கள்.

மார்ப்பதக்கத்தில் வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசைகளில் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குலத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. தோள்களில் இருந்த இரண்டு கற்களிலும் அதே பெயர்கள், ஒன்றுக்கு ஆறாக. மக்கள் அனைவரையும் தோளில் சுமந்து, நெஞ்சில் தாங்கி அவர் உள்ளே போகிறார் என்பது பொருள். கற்களின் பெயர்களை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மொழிபெயர்ப்பில் வச்சிரம் என்றும் இந்திரநீலம் என்றும் காண்கிறோம். வைரத்தின் கடினம் மோ அளவையில் 10. நீலக்கல்லின் கடினம் 9. அந்தக் காலக் கருவிகளைக் கொண்டு வைரத்தில் எழுத்துப் பொறிக்க முடியாது. எபிரேயர் சப்பீர் என்றது இன்றைய நீலக்கல்லை அன்று, லாபிஸ் லசூலி என்னும் மென்மையான நீலக் கல்லையே என்பது அறிஞர் பலரின் முடிவு.

அங்கியின் கீழ் ஓரத்தில் வண்ண நூலால் செய்த மாதுளைகளும் பொன் மணிகளும் மாறி மாறித் தொங்கின. குரு உள்ளே போகும்போதும் வரும்போதும் மணியோசை கேட்க வேண்டும். அப்போதுதான் அவர் உயிருக்கு ஆபத்து இல்லை என்பது விதி. குரு உள்ளே இறந்துவிட்டால் இழுப்பதற்காகக் காலில் கயிறு கட்டியிருந்தார்கள் என்று ஒரு கதை பலர் வாயில் உலவுகிறது. அது இடைக்காலத்துக் கதை, பைபிளில் இல்லை. 2011-இல் எருசலேமில், ஆலயம் இருந்த காலத்துப் பழைய வடிகால் ஒன்றைத் தோண்டியபோது சிறிய பொன் மணி ஒன்று கிடைத்தது. ஆட்டினால் இன்றும் ஒலிக்கிறது. தலைமைக் குருவின் அங்கியிலிருந்து விழுந்ததுதானா என்று பத்திரிகைகள் பரபரத்தன. யாரோ ஒரு செல்வரின் ஆடையிலிருந்தும் விழுந்திருக்கலாம். சான்று இல்லாமல் முடிவு கட்டுவதற்கில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஜோசபஸ் தாமே குரு குலத்தில் பிறந்தவர். அவர் தரும் விளக்கம் வேறு வகையானது. வெள்ளை நார் மண்ணில் விளைவதால் நிலம், ஊதாச் சாயம் கடல் உயிரிலிருந்து வருவதால் நீர், நீலம் காற்று, சிவப்பு நெருப்பு. ஆக, உடை முழுவதும் பிரபஞ்சத்தின் வடிவம் என்றார் அவர். இது கிரேக்கரின் நான்கு பூதக் கொள்கை. யாத்திராகமத்தை எழுதியவர்களின் எண்ணம் இதுவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் ஊதா கடல், நீலம் காற்று என்று அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் இந்தப் பொன்னும் வண்ணமும் கழற்றி வைக்கப்பட்டன. அது பாவநிவாரண நாள். தலைமைக் குரு மிகவும் உள்ளே இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும் ஒரே நாள். அன்று அவர் உடல் கழுவி, வெறும் வெள்ளை நார் ஆடை நான்கை மட்டும் உடுத்தி உள்ளே போனார். படிநிலையின் உச்சியில் மிக உயர்ந்த உடையை எதிர்பார்க்கிறோம். அங்கே இருப்பதோ மிக எளிய உடை. மன்னிப்புக் கேட்கப் போகிறவன் அரசனைப் போலப் போகலாமா என்று சிலர் விளக்கினர். பொற்கன்றுக்குட்டியை வணங்கிய குற்றத்தை நினைவூட்டும் பொன் அந்த இடத்தில் கூடாது என்று யூத அறிஞர்கள் விளக்கினர். உள்முற்றத்தில் பணி செய்யும் குருக்கள் கம்பளி அணியலாகாது, வியர்வை உண்டாக்கும் எதையும் உடுத்தலாகாது என்று எசேக்கியேல் நூலிலும் ஒரு விதி காணப்படுகிறது. கம்பளி காற்றைச் சிறைப்படுத்தி உடல் வெப்பத்தைக் காக்கும். நார்த்துணி வெப்பத்தை எளிதில் கடத்தும். ஈரத்தை உறிஞ்சி விரைவில் உலரும்.

கணவாயும் கடல் நத்தையும்

இப்போது தொலைந்த நீலத்தைத் தேடுவோம். தெகேலெத் ஒரு கடல் உயிரிலிருந்து கிடைத்தது என்பது யூதர்களின் பழைய நூல்களிலிருந்து தெரிந்தது. எந்த உயிர்? போலந்தில் ராட்சின் என்னும் ஊரின் யூத குரு கெர்ஷோன் ஹெனோக் லைனர், 1887-ஐ ஒட்டி இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று அங்குள்ள கடலுயிர்க் காட்சிச்சாலையை ஆராய்ந்தார். கணவாய்தான் அந்த உயிர் என்று முடிவு செய்தார். கணவாயின் மையோடு இரும்புத் தூளைச் சேர்த்துக் காய்ச்சினால் அழகிய நீலம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் அந்த நீல நூலை அணியத் தொடங்கினார்கள்.

1913-இல் ஐசக் ஹெர்சாக் என்னும் இளைஞர் இதே பொருள்பற்றி லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் இஸ்ரேலின் தலைமை யூத குருவாக விளங்கியவர் இவர். அந்த நீலத்தை வேதியியல் வல்லுநர்களிடம் அனுப்பிச் சோதித்தார். அது பிரஷ்ய நீலம் என்று தெரியவந்தது. 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட சாதாரணச் சாயம் அது! நிறத்தைத் தந்தது இரும்பு. கணவாயின் மை கொடுத்தது நைட்ரஜனும் கார்பனும் மட்டுமே. மைக்குப் பதில் மாட்டு இரத்தத்தை ஊற்றியிருந்தாலும் அதே நீலம் வந்திருக்கும். மக்கள் பக்தியோடு அணிந்திருக்கும் ஒன்றைத் தவறு என்று எழுதுவது எளிதன்று. ஹெர்சாக் எழுதினார்.

அவருடைய சந்தேகம் முதலில் மியூரெக்ஸ் இனத்துக் கடல் நத்தை ஒன்றின்மேல் விழுந்தது. பண்டைக் காலத்தில் ஊதாச் சாயம் இந்த இனத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. லெபனானின் சீதோன் நகரில் நத்தை ஓடுகள் குன்றாகக் குவிந்துள்ளன. இஸ்ரேலில் ஹைஃபாவுக்கு அருகில் ஷிக்மோனா என்னும் இடத்தில் ஊதாக் கறை படிந்த பெரிய சாயத்தாழிகள் கிடைத்துள்ளன. ஆனால் இந்த நத்தை தருவது ஊதா, வேண்டியதோ நீலம். அவரால் இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட முடியவில்லை. வேறொரு நத்தையைத் தேடிப் போனார்.

ஊதாச் சாயத்தின் அமைப்பை ஏற்கெனவே 1909-இல் பால் ஃபிரிட்லெண்டர் என்னும் வேதியியலறிஞர் கண்டுபிடித்திருந்தார். 12,000 நத்தைகளிலிருந்து அவருக்குக் கிடைத்தது 1.4 கிராம் சாயம்! குருவின் உடை ஏன் விலைமதிப்பற்றது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அந்த மூலக்கூறு அவுரிச் செடியின் நீலச் சாயமாகிய இண்டிகோவேதான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புரோமின் அணுக்கள் மட்டும் அமர்ந்திருக்கின்றன. இண்டிகோ சுமார் 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஆரஞ்சு ஒளியை விழுங்குகிறது. நம் கண்ணுக்கு நீலம் தெரிகிறது. புரோமின் சேர்ந்தால் விழுங்கும் அலைநீளம் சற்றுக் குறைகிறது. சிவப்பு ஒளி கூடுதலாகத் தப்பி வருகிறது. நீலமும் சிவப்பும் சேர்ந்து ஊதாவாகிறது.

முகிலில்லாத நாள்

1980-களின் தொடக்கத்தில் இஸ்ரேலின் ஷென்கார் கல்லூரியில் ஓட்டோ எல்ஸ்னர் என்னும் வேதியியலறிஞர் இந்த நத்தைச் சாயத்தை ஆராய்ந்து வந்தார். முகில் மூடிய நாட்களில் அவர் தோய்த்த கம்பளி ஊதாவாக வந்தது. வெயில் காய்ந்த நாட்களில் நீலமாக வந்தது. நத்தை ஒன்று, முறையும் ஒன்று. வேறுபட்டது வெயில் மட்டுமே. பலர் இதைச் சோதனைப் பிழை என்று ஒதுக்கியிருப்பார்கள். எல்ஸ்னர் ஒதுக்கவில்லை.

நடந்தது இதுதான். இண்டிகோ வகைச் சாயங்கள் நீரில் கரையா. அவற்றிலிருந்து ஆக்சிஜனின் பிடியைத் தளர்த்தி, அதாவது ஒடுக்கம் செய்து, மஞ்சள் கலந்த பச்சைக் கரைசலாக மாற்றினால்தான் கம்பளிக்குள் இறங்கும். தோய்த்ததை வெளியே எடுத்ததும் காற்றின் ஆக்சிஜன் பட்டு நிறம் திரும்புகிறது. அந்தக் கரைசல் நிலையில் வெயில் பட்டால், ஒளியின் ஆற்றலை ஏற்று புரோமின் அணுக்கள் கழன்றுவிடுகின்றன. கார்பன்–புரோமின் பிணைப்பு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பைவிட வலுக் குறைந்தது. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு ஆற்றல் 1.9 எலக்ட்ரான் வோல்ட். 350 நானோமீட்டர் புறஊதா ஒளியின் ஃபோட்டானுக்கோ 3.5. வெயிலில் இத்தகைய ஆற்றல் மிக்க கதிர்கள் உண்டு. புரோமின் போனபின் மிஞ்சுவது தூய இண்டிகோ, அதாவது நீலம்.

புரோமின் கடலின் தனிமம். 1826-இல் பலார் என்பவர் அதைக் கடலுப்புக் கரைசலிலிருந்தே முதன்முதலில் பிரித்தார். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 65 மில்லிகிராம் இருக்கிறது. ஊதா கடல், நீலம் காற்று என்று ஜோசபஸ் எழுதினார் அல்லவா? ஊதாவில் இருக்கும் கடலை வெயில் வெளியேற்றினால் நீலம் கிடைக்கிறது. ஜோசபஸுக்குப் புரோமினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போலியும் அசலும்

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யூதர்களின் தல்மூத் நூலில் கலா இலான் என்று ஒரு போலிச் சாயம் கண்டிக்கப்படுகிறது. அது செடியிலிருந்து எடுத்த இண்டிகோ. நத்தைச் சாயம் விலை மிகுந்ததால் வணிகர்கள் செடிச் சாயத்தை விற்று ஏமாற்றினார்கள். கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாது. கடவுள் ஒருவரே அறிவார், அவரே தண்டிப்பார் என்பது அங்குள்ள கருத்து. பின் வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்து, “சார், இரண்டும் ஒரே மூலக்கூறு என்றால் அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல், “வேதியியலுக்கு வேறுபாடு இல்லை” என்று சொல்லிவிட்டேன்.

அது தவறான பதில். வெயில் எல்லாப் புரோமினையும் கழற்றுவதில்லை. ஒரு புரோமினை இழந்து ஒன்றை வைத்திருக்கும் மூலக்கூறுகளும், இரண்டையும் வைத்திருக்கும் மூலக்கூறுகளும் சிறிதளவு மிஞ்சும். செடியின் இண்டிகோவில் புரோமின் கிடையாது. நிறச்சாரல் பிரிகை முறையில் ஒரு துணுக்கு நூலைச் சோதித்தால் நத்தையா செடியா என்று இன்று திட்டமாகச் சொல்லலாம். அடுத்த வகுப்பில் அந்த மாணவரிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் மிஞ்சிய அழுக்குதான் அசலுக்குச் சாட்சி, இல்லையா சார்?” என்றார் அவர். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொல்லிவிட்டார்.

இந்தச் சோதனை முறைகளால்தான் பழந்துணிகள் இப்போது பேசத் தொடங்கியிருக்கின்றன. இஸ்ரேலின் தெற்கே திம்னா செப்புச் சுரங்கப் பகுதியில் கிடைத்த கம்பளி இழைகள் மியூரெக்ஸ் சாயம் ஏற்றவை என்று 2021-இல் நாமா சுகேனிக்கும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். கார்பன் கணிப்பின்படி அவை கி.மு. 1000-ஐ ஒட்டியவை. மசாதா கோட்டையில் கிடைத்த துணித் துண்டு ஒன்றில் நத்தைச் சாயம் ஊதா கலந்த நீலமாக இருப்பதை ட்ஸ்வி கோரன் 2011-இல் எடுத்துக் காட்டி, தெகேலெத் இதுவே என்று வாதிட்டார். இல்லை, அது நண்பகல் வானத்தின் தூய நீலம்தான் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் அதே நத்தையையே காட்டுகிறார்கள். அவர்களுக்குள் வழக்கெல்லாம், பழைய சாயக்காரர் தம் தாழியை எவ்வளவு நேரம் வெயிலில் திறந்து வைத்திருந்தார் என்பதைப் பற்றியதுதான்.